மேசை மேல வச்சிட்டேன்

அந்த ஆளை நாங்கள் சார் என்றுதான் கூப்பிட்டோம். எழுதும்போது கை வரவில்லை. வயதில் மூத்தவர் என்பதால் ‘ர்’ மட்டும் போட்டுக்கொள்கிறேன். அதற்கு மேல் மரியாதை கிடையாது.

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி. இருபத்திரண்டு லோரிகள். நான் யார்டில் டயர், எண்ணெய், தண்ணீர் பார்க்கிறவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு சரி. முதலாளி சீனர். தவுக்கே என்போம். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் ஆபீஸ் அந்த ஆள் கையில். மேனேஜர்.

தலைநகரில் இருக்கிற பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். வந்ததும் அதைச் சொல்லுவார். “நான் பிரிக்பீல்ட்ஸ்காரன்லா. எங்க ஏரியாவுல ரொட்டி சானாய் போடுறவனுக்கே கம்ப்யூட்டர் தெரியும்.” பிரிக்பீல்ட்ஸ் என்பதை ஏதோ பட்டம் மாதிரிச் சொல்லுவார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எனக்கு அவர் வைத்த பேர் டயர். “ஏ டயர், இங்க வா.” ஒன்பது வருஷம் டயராக இருந்தேன்.

அந்த ஆளுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வேலைதான் தெரியும். எதுவானாலும் அதன் படத்தைச் சின்னதாகத் திரையில் கொண்டுவந்து வைப்பது. ஷார்ட்கட் என்பார்கள். தட்டினால் போதும், உள்ளே போய்த் தேட வேண்டாம். நல்ல வசதிதான். குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் அதோடு நின்றுவிட்டார்.

டெஸ்க்டாப் என்று சொல்ல மாட்டார். மேசை என்பார். “டெஸ்க்குன்னா மேசைதானே. உங்களுக்குப் புரியணும்னு தமிழ்ல சொல்றேன்.” லோரி ஓட்டக் கணக்கு வேண்டுமா? மேசை மேல வச்சிட்டேன். டயர் வாங்கிய பில்லா? மேசை மேல வச்சிட்டேன். தவுக்கே கேட்டால் எழுந்து நின்று, “ஆல்ரெடி ஆன் தெ டெஸ்க்டாப், பாஸ்.” தவுக்கேயும் தலையாட்டுவார். அவருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது.

அந்த ஆளுடைய திரையில் பின்னால் அவர் போட்டோவே இருந்தது. பினாங்குப் பாலத்தருகே கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிற படம். அதன்மேல் வரிசை வரிசையாகச் சின்னப் படங்களை ஒட்டிக்கொண்டே போனார். முதலில் கால்சட்டை மறைந்தது. அப்புறம் வயிறு. அப்புறம் முகம். கடைசியில் ஒரு காது மட்டும் தெரிந்தது. அதை மட்டும் விட்டுவைத்தார். பார்க்கிறவர்களுக்கு யார் கம்ப்யூட்டர் என்று தெரிய வேண்டுமாம்.

ஆபீஸில் இருந்த குமாஸ்தா மேரி அக்கா. கத்தோலிக்கக் குடும்பம். அப்பா ரயில்வேயில் இருந்தவர். மௌஸைத் தொடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வார். அவர் கம்ப்யூட்டரில் லோரி புரோகிராமுக்கு அந்த ஆள் மூன்று படம் வைத்துக் கொடுத்திருந்தார். ஒன்றுக்கு ‘லோரி’ என்று பேர். ஒன்றுக்கு ‘லோரி புதுசு’. ஒன்றுக்கு ‘லோரி பைனல்’. மூன்றும் ஒன்றேதான். எதைத் தட்டினாலும் அதே புரோகிராம்தான் திறக்கும். அக்காவுக்கு அது தெரியாது. ஒரு வருஷம் ஒரே கணக்கை மூன்றிலும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நான் இதுல போட்டது அதுல எப்படி வந்துச்சு?”

“அதான் சிஸ்டம்.”

“அப்ப நான் ஒண்ணுல போட்டாப் போதுமா?”

“மூணுலயும் பாத்துக்க. சேஃப்டி.”

ஒரு நாள் அக்கா கை தவறி அந்தப் படம் ஒன்றை அழித்துவிட்டார். அழுதுவிட்டார் பாவம். அந்த ஆள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். புரோகிராமே போச்சு, திரும்ப ஏற்ற வேண்டும், அரை நாள் ஆகும் என்றார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. பீசாங் கோரேங், வாழைப்பழ பஜ்ஜி, ஒரு பொட்டலம் தின்றார். பேப்பர் படித்தார். கொஞ்ச நேரம் தூங்கினார். நாலு மணிக்கு எழுந்து இரண்டு தட்டுத் தட்டினார். படம் வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“போட்டாச்சு. முதுகு போச்சு,” என்றார்.

அக்கா அவருக்குக் கோப்பி கலந்து கொடுத்தார். தவுக்கேவுக்குப் போன் போட்டு, சார் இல்லையென்றால் கம்பெனி நின்றிருக்கும் என்று சொன்னார். நான் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் தெரியாதவன் சொன்னால் யார் கேட்பார்கள்.

மற்றதிலும் அப்படித்தான். யார்டுச் சுவரில் ‘முதலுதவி’ என்று மூன்று மொழியில் எழுதி ஒரு பெட்டி மாட்டினார். சிவப்பு சிலுவை எல்லாம் போட்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துத் தவுக்கேவுக்கு அனுப்பினார். ஒரு நாள் டயர் இரும்பு என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. போய்த் திறந்தேன். உள்ளே ஒரு ஊக்கும் ஒரு பார்க்கிங் ரசீதும் இருந்தன.

“மருந்து எங்க சார்?”

“மருந்து கிளினிக்குலதான் இருக்கும். இங்க வச்சா எக்ஸ்பைர் ஆயிடும்லா.”

ஏமாற்றுகிறாரா, இல்லை அவருக்கே தெரியாதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அழித்த படத்துக்கு அரை நாள் ஆகும் என்றபோது தெரிந்து செய்தார். சேகர் விஷயத்தில் தெரியாமல் செய்தார். தெரிந்ததும் அதைவிட மோசமாகச் செய்தார்.

சேகர் எங்கள் டிரைவர். காப்பாரில் வீடு. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். நல்ல கை அவனுக்கு. பதினாலு வருஷத்தில் ஒரு சம்மன் கிடையாது. காப்பாரிலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனபோது ஒரு சந்திப்பில் இடப்பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து அடித்தது. ஓட்டியவர் மலாய்க்காரர், முப்பது வயது இருக்கும். தொடை எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. அம்புலன்ஸ் வரும்வரை சேகர் அவருக்குப் பக்கத்தில் தாரில் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டிருந்தான். அடிபட்டவருக்கு நினைவில்லை. பின்னால் இன்னொரு மோட்டாரில் வந்த அவருடைய கூட்டாளி, லோரி சிவப்பு விளக்கில் வந்தது என்று போலீஸில் சொல்லிவிட்டான்.

எங்கள் லோரி எல்லாவற்றிலும் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உண்டு. போலீஸ் சோதனை முடிந்து லோரியை விட்டதும் நான்தான் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றிக்கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்தேன். நகம் அளவுக் கார்டு. அந்த ஆளுடைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். நான், சேகர், மேரி அக்கா, தவுக்கே, அந்த ஆள். ஐந்து பேர்.

பச்சை. சந்தேகமே இல்லை. தூரத்திலிருந்தே பச்சை. மோட்டார்தான் குறுக்கே வந்தது.

சேகர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “அண்ணே, நான் பொய் சொல்லலண்ணே,” என்றான் என்னிடம். யாரும் அவனைப் பொய் சொன்னான் என்று சொல்லவில்லை. ஆனாலும் சொன்னான்.

தவுக்கே அந்த ஆளிடம், பத்திரமாக வை, போலீஸுக்கு ஒரு காப்பி கொடு என்றார்.

அந்த ஆள் மௌஸைப் பிடித்தார். இரண்டு தட்டு. திரையில் காதுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னப் படம் வந்தது. அதன் மூலையில் சின்னதாக ஒரு அம்பு.

“மேசை மேல வச்சிட்டேன்,” என்றார்.

அந்தக் கேமரா கார்டு நிறைந்தால் பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே எழுதும். கேமரா மாட்டிக் கொடுத்தவன் எனக்குச் சொல்லியிருந்தான். அதனால் கேட்டேன்.

“சார், கார்டு வெளியவே இருக்கட்டுமா?”

“எதுக்கு? லோரி நாளைக்கு ஓடணும். கேமரா இல்லாம அனுப்ப முடியாது. போடு.”

“படம் கம்ப்யூட்டருக்குள்ள வந்திடுச்சா சார்?”

“கண்ணு தெரியலையா டயர்? இதோ இருக்கு. மேசை மேல இருக்கு.”

திரையில் பார்த்தேன். இருந்தது. கார்டைக் கொண்டுபோய் லோரியில் போட்டேன். போட்டது என் கை. அதை மறைக்கவில்லை. ஐந்து பேர் கையிலும் போன் இருந்தது. திரையில் ஓடியதை ஒருவர் போனில் பிடித்திருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆள் இருக்கிறார் என்று விட்டுவிட்டோம்.

பத்து நாள் கழித்துப் போலீஸ் நிலையத்துக்கு அந்த ஆளை நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பென்டிரைவை ஒரு கவரில் போட்டுக் கம்பெனி முத்திரை குத்தியிருந்தார். கழுத்துப்பட்டை வேறு கட்டியிருந்தார். சார்ஜன் அதை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினார். தட்டினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு அந்த ஆளைப் பார்த்தார்.

“என்சிக், இது ஷார்ட்கட். வீடியோ எங்கே?” என்று மலாயில் கேட்டார்.

“அதுதான் வீடியோ.”

“இல்லை. இது வீடியோ இருக்கிற இடத்துக்குக் கை காட்டுகிற அம்பு. வீடியோ எதில் இருக்கிறது?”

“உங்க கம்ப்யூட்டர் பழசு போல,” என்றார் அந்த ஆள்.

சார்ஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். அந்த அம்பை நான் முதல் நாளே பார்த்தேன். படத்தோடு வருகிற அழகு என்று நினைத்திருந்தேன்.

கிள்ளான் திரும்புகிற வழியெல்லாம் அந்த ஆள் போலீஸ் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டு வந்தார். ஆபீஸுக்கு வந்து தன் கம்ப்யூட்டரில் தட்டினார். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெட்டி வந்தது. நாங்கள் படிப்பதற்குள் மூடினார். திரும்பத் தட்டினார். திரும்ப வந்தது. மூடினார். மௌஸைத் துடைத்தார். தட்டினார். நாலாவது முறை மேரி அக்கா எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

“சார், இது காட்டுற இடத்துல அந்த பைல் இல்லன்னு வருது.”

“தெரியும்லா. நீ போய் உன் வேலையப் பாரு.”

அம்பு காட்டிய இடம் அந்தக் கார்டுதான். நான் லோரிக்கு ஓடினேன். கார்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன். போட்டுப் பார்த்தோம். ரோடு. ரோடு. டோல். ரோடு. சேகருக்குப் பதில் ஓட்டிய டிரைவர் மூக்கால் பாடிக்கொண்டு போகிற சத்தம். பத்து நாள் ரோடு இருந்தது. அந்தச் சந்திப்பு இல்லை.

தவுக்கேவிடம் அந்த ஆள் சொன்னது இதுதான்: கார்டு கெட்டுப்போய்விட்டது, யார்டில் யாரோ சரியாகப் போடவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தால் அந்தச் சின்னப் படம் திரையில் இல்லை. அழித்துவிட்டார். அந்த ஒன்றைத்தான் அவர் அழித்து நான் பார்த்தது.

சேகருக்கு வக்கீல் வைத்தார்கள். படம் போனால் போகட்டும், பார்த்தவர்கள் எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்றார் வக்கீல். நான் போட்டேன். மேரி அக்கா போட்டார். வக்கீல் எங்களை மேலும் கீழும் பார்த்தார். நான் சேகரின் கூட்டாளி. அக்கா பின்னால் நின்று மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்த்தவர். எடுபடாது என்றார். தவுக்கே, எல்லாம் மேனேஜர் பார்ப்பார் என்று சொல்லிவிட்டார். மேனேஜர் கையெழுத்துதான் வேண்டும். கம்பெனி சார்பில் விபத்து அறிக்கை எழுதியவர் அவர். அவர் சொன்னால் கோர்ட் கேட்கும்.

நான் கண்ணாடி அறைக்குள் போனேன். அதுவரை கூப்பிடாமல் போனதில்லை.

“சார், சேகருக்கு ஒரு கையெழுத்து.”

“என்ன கையெழுத்து?”

“பச்சையப் பாத்தேன்னு.”

“நான் சரியா பாக்கலலா. படத்தை எடுத்து வைக்கிறதுலயே இருந்தேன்.”

“நீங்கதான் சார் கை வச்சு ‘பச்சை, பச்சை’ன்னு திரையில காட்டினீங்க.”

நாற்காலியில் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். “டயர், யோசிச்சுப் பாரு. பாத்தேன்னு எழுதினா, அடுத்தது என்ன கேப்பான்? பாத்த படம் எங்கேன்னு கேப்பான். நான் என்ன சொல்றது?”

“தொலைச்சிட்டேன்னு சொல்லுங்க.”

“இருபது வருஷ பேரு எனக்கு.”

“அவனுக்கு ரெண்டு புள்ளைங்க சார்.”

“ஃபைன் கட்டினா முடிஞ்சிடும். ஜெயிலுக்கா போகப் போறான்? சின்ன விஷயத்தப் பெருசாக்காத. போ.”

போனேன். வேறு என்ன செய்ய. அடிக்கலாம் என்று கை வந்தது. அடித்தால் கையெழுத்து வராது.

ஜெயிலுக்குப் போகவில்லை. அதுவரை அந்த ஆள் சொன்னது சரி. கேஸை இழுத்தால் ஜெயில்கூட வரலாம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போகும் என்று வக்கீல் சொன்னார். சேகர் கூண்டில் நின்று ஒப்புக்கொண்டான். சிவப்பில் வந்தேன் என்று அவன் வாயாலேயே சொன்னான். லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். கம்பெனியும் நிறுத்திவிட்டது. நிறுத்தல் கடிதம் அந்த ஆள் எழுதினது. காப்பார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மூட்டை தூக்கப் போனான் சேகர். அவன் பெரிய பெண் பள்ளிக்கூடத்தில், உங்கப்பா ஆளை இடிச்சவர்தானே என்று கேட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுததாம்.

அந்த ஆளுக்கு அந்த வருஷக் கடைசியில் போனஸ் வந்தது. எங்களுக்கும் வந்தது. நான் வாங்கிக்கொண்டேன். அதையும் மறைக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் யார்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் ஊன்றுகோல். வலது கால் கொஞ்சம் குட்டை. அன்றைக்குச் சேகர் குடை பிடித்தது இவருக்குத்தான்.

“பாங், மேனேஜர் இருக்கிறாரா?” என்று மலாயில், அண்ணன் முறை வைத்துக் கேட்டார். “லோரி கேமராவின் படம் அவரிடம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொன்னார்கள்.”

“எதற்கு?”

“எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. கூட்டாளி சொன்னதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் இப்போது வேறு மாதிரி பேசுகிறான். நிச்சயமாகப் பார்க்கவில்லை என்கிறான். நான் அந்த டிரைவரை ஒரு வருஷமாகச் சபித்துக்கொண்டிருக்கிறேன். சரியான ஆளைத்தான் சபிக்கிறேனா என்று தெரிய வேண்டும்.”

நான் ஆபீஸ் பக்கம் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோலைப் பார்த்துவிட்டார். உடனே உட்கார்ந்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டார். தலையின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

“மேனேஜர் இல்லை,” என்றேன். “படமும் இல்லை. ஆனால் நான் பார்த்தேன். பச்சை.”

“அப்புறம் ஏன் அவர் ஒப்புக்கொண்டார்?”

“படம் இல்லை.”

“பார்த்தது நீங்கள் ஒருவர்தானா?”

“ஐந்து பேர்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் சேகர் வீடு எங்கே என்று கேட்டார். மேரி அக்காவிடம் சொல்லிவிட்டு நானே காரில் ஏற்றிக்கொண்டு காப்பார் போனேன். சேகர் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் ஈரக் கையோடு வாசலுக்கு வந்தான்.

“கால் எப்படி இருக்கு?” என்று மலாயில் கேட்டான்.

“நடக்கிறேன்.” பிறகு அவர் கேட்டார்: “நான் சிவப்பிலா வந்தேன்?”

சேகர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“உங்க பக்கத்து விளக்கை நான் பாக்கல. எனக்குப் பச்சை. அதை மட்டும்தான் பாத்தேன்.”

பார்த்ததற்கு மேல் ஒரு சொல் அவன் சொல்லவில்லை. அந்த மனிதர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் சேகரின் கையைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை போலீஸுக்குப் போகிறேன் என்றார். போனார் என்றும், முடிந்த கேஸ், எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். லைசென்ஸ் வரவில்லை. ஆனால் சேகரின் பெரிய பெண் பள்ளிக்கூடம் போய், எங்கப்பா பச்சையிலதான் வந்தார், அந்த அங்கிளே வீட்டுக்கு வந்து சொன்னார் என்று சொன்னதாம்.

அந்தத் திங்கட்கிழமை காலை அந்த ஆள் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு டயர் என்று கூப்பிடவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக என் பேர் சொன்னார். தெரிந்துதான் வைத்திருந்தார்.

“சனிக்கிழமை வந்தானே, கால் நொண்டி. என்ன கேட்டான்?”

“உங்களத்தான் கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

“நீங்க இல்லன்னு சொன்னேன்.”

“ஏன் அப்படிச் சொன்ன? நான் உள்ளதானே இருந்தேன்?”

நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் லோரிக்குப் பின் டயரில் காற்றுக் குறைந்திருந்தது. போய் அதைப் பார்த்தேன்.